கேசட்டில் ஏறாத முதல் பக்கம்

"எருமை கத்துற மாதிரி இருக்குதுடா. பிளேயர் பெல்ட் போச்சு" என்றார் ரங்கசாமி அண்ணன்.

கணபதி பகுதியில் இருந்த அவருடைய ரெக்கார்டிங் கடையில் நான் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டு, தறிக்குடோன், லாரி கிளீனர், பேக்கரி என்று சுற்றிவிட்டு வந்தவன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரெக்கார்டு கொண்டுவந்தால் கேசட்டில் ஏற்றித் தருவோம். பக்கத்து லேத் பட்டறை அதிர்வில் ஊசி குதிக்காமலிருக்க, பிளேயருக்கு அடியில் சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றை மடித்துப் போட்டிருப்போம்.

அன்று காலை ஒரு இங்கிலீஷ் ராக் ரெக்கார்டைக் கொடுத்தவர் ஆல்பர்ட் சார். பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிறவர். கல்லூரி ஹாஸ்டலில் அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறார். அறை நண்பனுடைய கேசட்டில் மறுபக்கத்தின் மேல் யாரோ ஜெபக்கூட்டத்தைப் பதிந்துவிட்டார்களாம். பிறகு அந்த ஆல்பம் எங்கும் கிடைக்கவில்லை. இப்போதுதான் வெளிநாட்டில் மறுபடி ரெக்கார்டாக அச்சிட்டிருந்தார்கள். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒன்று வைத்திருந்தார். மதிய ரயிலில் அவர் கிளம்புகிறார். ரெக்கார்டும் அவரோடு போகிறது.

"ரெண்டு பக்கமும் வேணுமுங்க. இதை உட்டா அப்புறம் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, பெர்மிஷன் கேட்கக் கம்பெனிக்குப் போனார்.

ஊசியை வைத்தேன். கித்தார் கிணற்றுத் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பாடுகிறவன் முழுதாக விழித்துக்கொள்ளவில்லை. அண்ணன் பெல்ட்டை மாற்றினார். அப்போதும் அப்படியே.

"மோட்டார் எளப்புடா. ஸ்பீடைத் தூக்கு."

வேகத்தைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருகினேன். பாட்டு நம் பாட்டைப் போல நடக்கத் தொடங்கியது. "இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்றார். முதல் பக்கம் முழுவதையும் அப்படியே பதிந்தோம்.

திரும்பி வந்த ஆல்பர்ட் சார் அந்தக் கேசட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, இவன் எதுக்கு இப்படி ஓடறான்?"

"ரெக்கார்டு டல்லா இருந்துச்சுங்க. நாங்கதான் சரி பண்ணிப்போட்டோம்" என்றார் அண்ணன்.

"பாட்டே தூக்கத்துல பாடற மாதிரிதானுங்க! அதுக்குத்தானுங்க இத்தனை நாளாத் தேடுனேன்."

கடிகாரத்தைப் பார்த்தோம். இனி ஒரு பக்கத்துக்குத்தான் நேரம். கேட்டிராத இரண்டாம் பக்கமே போதும் என்றார் ஆல்பர்ட் சார். சொன்னவுடனேயே அவருக்கு இன்னொரு பயம் வந்தது.

"ஆனா அது சரியா ஓடுதான்னு எனக்கே தெரியாதுங்களே?"

திருகிய ஸ்க்ரூ முன்பு எங்கே நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. வேகத்தைச் சரிபார்க்க, எங்களுக்குப் பாட்டு தெரிந்த சினிமா ரெக்கார்டு ஒன்றுகூடக் கடையில் இல்லை. எல்லாவற்றையும் அண்ணன் எப்போதோ விற்றிருந்தார். வழியையும் அவர்தான் சொன்னார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பக்கத்தையே முதல்ல போடறேனுங்க. நீங்க சொல்லுங்க, இவன் திருகட்டும்."

ஆல்பர்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார். "கொறைங்க... இன்னும்... ஐயோ, ரொம்பப் போச்சு... நில்லுங்க. இதேதான்."

ஸ்க்ரூவைத் தொடாமல் ரெக்கார்டைத் திருப்பி, பட்டனை அழுத்தினேன்.

பாதியில் பட்டறையில் பெரிய லேத் ஓட ஆரம்பித்தது. ஆல்பர்ட் சார் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அதை நிறுத்திவைத்தார். பல்பு ஒருமுறை மங்கியது. அண்ணன் ஸ்டெபிலைசர் மேல் கையை வைத்தபடி நின்றார். வாசலில் நண்பரின் கார் ஹாரன் அடித்தது. "இதோ ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று அண்ணன் வாசலைப் பார்த்துக் கத்தினார்.

கடைசிப் பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்துக்குப் போனது. ரெக்கார்டு உறைக்குள் போய், கார் ஏறி, தெரு திரும்பியது. கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்ற ஆல்பர்ட் சாரிடம், "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. கரண்ட் போயிருமோன்னு பல்பையே பாத்துட்டு இருந்தேன். ஊட்டுக்குப் போய்த்தான் கேக்கோணும்."

பிறகு பல ஊர்களில் பல வேலை பார்த்தேன். பழுது என்று தோன்றும் எதிலும், அது எப்படி இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தவரைக் கேட்காமல் கைவைப்பதில்லை. அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.