ஐயாவு காலி பண்ணாத வீடு

"பொங்கலுக்குத் தரேன்னு சொன்ன, நானும் வாய மூடிட்டுப் போனேன். அப்பறம் லாரி ஓடலன்னு சொன்ன—"

"அக்கா, தண்ணிய மட்டும்—"

"—அதுக்கும் சரின்னேன். இப்ப மூஞ்சியக்கூட காட்ட மாட்டேங்குற—"

"தண்ணிய மட்டும் தெறந்து விட்டுருங்கக்கா. மத்தது அப்பறம் பேசலாம்லா."

"ஒன்னோட அப்பறத்தக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு ஐயாவு. கதவத் தொற."

"கிட்ட வராதீங்கக்கா. பதினாறு முடியட்டும். காலி பண்ணிடுறேன்."

"பதினாறா? ஊருக்கெல்லாம் பதினாலு நாளுதானே சொல்றான். ஒனக்கு மட்டும் என்ன பதினாறு?"

"எனக்குப் பதினாறுக்கா."

இது நடந்தது. மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில், நோய்க்குப் பயந்து நாட்டையே பூட்டி வைத்திருந்த இரண்டாம் ஆண்டில், ஒரு சாயங்காலம் நடந்தது. இட்டுக்கட்டியது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். புஷ்பலதா இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டால் அவளே சொல்வாள். பொழுது சாய்வதற்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

வீடு அவளுடையது. வரிசை வீடு, இரண்டு அறை. அவளும் புருஷனும் பேங்க் லோன் போட்டு வாங்கியது. புருஷன் போய்ச் சேர்ந்தான், லோன் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கேண்டீன் வேலையும் முடிந்த பிறகு, வீட்டை ஐயாவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, சிலிபினில் தம்பி அப்பாவுவின் வீட்டுக்குப் போனாள். அங்கே துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பாய். வாடகை வரும், அப்படியே பேங்குக்குப் போகும். வாடகை வருவது நின்றது. பேங்க் நிற்கவில்லை.

தம்பி பெண்டாட்டி ஷர்மினி யாரிடமோ போனில் பேசுவது போலச் சத்தமாகப் பேசுவாள்.

"சொந்த வீடு வெச்சிருக்கறவங்கள்லாம் இங்க வந்து படுத்துக்கறாங்க. வீடு இல்லாத நாங்க எங்க போய்ப் படுக்கிறது, சொல்லு."

புஷ்பலதா போகாத இடமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மலாய்க்காரப் பையன், பிள்ளை மாதிரி மரியாதையாக, அத்தை முறை வைத்துத்தான் சொன்னான். "இது சிவில் கேஸ் மக்சிக். கோர்ட்டுக்குப் போங்க." வக்கீலிடம் போன் போட்டாள். "கோர்ட் மூடியிருக்கும்மா. தெறந்தாலும் இந்த நேரத்துல யாரையும் ரோட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. நீங்களா போய்ப் பூட்ட மாத்தினீங்கன்னா கேஸ் உங்க மேல வரும்."

"அவனுக்கு வீடு வேணும்னு எல்லாரும் சொல்றீங்களே. எனக்கு வேணாமா?"

"சட்டம் அப்படிம்மா."

கடைசியில் வழி சொன்னவர் மளிகைக்கடை கமருதீன். அவருக்கும் இரண்டு கடைவீடு வாடகையில் இருந்தது, இரண்டிலும் இதே தலைவலி.

"வெளிய தள்ளத்தான் கூடாது. மீட்டர் ஒங்க பேர்லதானே இருக்கு? தண்ணிய மூடுங்க. ஒரு வாரம் தாங்காது. நானும் அதத்தான் செஞ்சேன்."

ஒரு நண்பகலில் போய், சாக்கடை ஓரத்து மீட்டர் வால்வை ஸ்பேனர் வைத்துத் திருகி மூடினாள். திரை போட்டிருந்தது. யாரும் வெளியே வரவில்லை. உள்ளே யாரோ இருமினார்கள். விடாமல் இருமினார்கள். கேட்டும் கேட்காதவள் போலப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது நடந்ததுதான் முதலில் சொன்ன சண்டை.

அன்றைக்கே சில விஷயம் கண்ணில் பட்டது. ஐயாவு எங்கே போனாலும் கூடவே போகும் மோட்டார் சைக்கிள் வாசலில் இல்லை. இரும்புக் கிரில் நிறைய விளம்பரத் தாள்கள் செருகியிருந்தன, மழையில் ஊறிக் கூழாகியிருந்தன. திரை அசைந்தபோது ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டில், நோய் கண்டவர்களுக்குக் கட்டிவிடும் பிங்க் பட்டை.

"கலாதேவி எங்க?"

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து லயத்துல."

"மோட்டாரு?"

"மச்சான் ஓட்டிட்டுப் போயிட்டான்."

இன்னொன்றும் இருந்தது. அது வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்த பிறகுதான் உறைத்தது. உள்ளே ஆள் இருந்தால் பூட்டு கிரிலின் உள்பக்கம் தொங்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்தப் பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது.

கம்பிக்குள் கை விட்டு எப்படியோ பூட்டியிருப்பான், என்னை ஏமாற்ற, என்று சொல்லிக்கொண்டாள். எரிச்சல் கூடியதே தவிர, பயம் வரவில்லை.

அடுத்த முறை போனபோது மழை. குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். பக்கத்து வீட்டுச் சீனக்கிழவி ஜன்னல் வழியே அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்தினாள்.

"ஐயாவு."

"இருக்கேன்கா."

"லைட்டப் போட்டா என்ன? கரண்ட நான் மூடலயே."

மழைச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து. பிளாஸ்டிக் வாளியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். முதலில் படபடவென்று. பிறகு வாளி நிறைய நிறைய, கனத்து, தணிந்து...

"தண்ணி இல்லன்னு அழுத? உள்ள வாளி ரொம்புது."

"எனக்குக் கேக்கலயேக்கா."

அவள் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். முள் அசையவில்லை. மூடிய வால்வு மூடியபடியே இருந்தது.

சத்தம் நிற்கவில்லை. எந்த வாளியும் அவ்வளவு நேரம் நிறையாது.

"அக்கா. இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"நான் என்ன ஒன் வீட்டுக் காலண்டரா?"

"கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்கக்கா. இங்க யாரும் எண்ணல."

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்பவன் குரல். அதுதான் அவளை என்னவோ செய்தது. இருமல்கூட இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தாள்.

மூன்றாவது முறை, சண்டைக்குப் போகவில்லை. மனசு கேட்காமல்தான் போனாள். பையில் ஒரு போத்தல் தண்ணீர். ஸ்பேனரும் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. முதலில் அவன் காலி பண்ண ஒரு நாள் சொல்லட்டும், அப்புறம் திறக்கலாம் என்று இருந்தாள். தன் வீட்டைக் கேட்பதற்கு அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வால்வுதான்.

பொழுது சாய்ந்தது. பள்ளிவாசலில் மஃக்ரிப் பாங்கு ஆரம்பித்தது. தெருவில் ஆள் இல்லை.

கேட்டைத் திறந்து உள்ளே போனாள். போத்தலைக் கிரிலுக்குப் பக்கத்துத் திட்டில் வைத்தாள்.

"ஐயாவு. குடி."

திரை அசைந்தது.

கை வந்தது. பிங்க் பட்டை. கம்பிக்கு நடுவே நீண்டது. விரல்கள் போத்தலைச் சுற்றிப் பிடித்தன.

பிடித்தன... இழுத்தன.

போத்தல் அசையவில்லை.

கை மட்டும் உள்ளே போனது. மூடிய விரல்களோடு. எதையோ பிடித்திருப்பது போல.

உள்ளே யாரோ குடிக்கும் சத்தம்.

மடக்... மடக்...

போத்தல் திட்டிலேயே இருந்தது. நிறைய.

பாங்கு முடிந்தது.

"பத்தலக்கா."

அவள் ஓடினாள். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

மூன்று நாள் காய்ச்சல். நோய் வந்துவிட்டது என்று ஷர்மினி தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் புஷ்பலதா போன இடம் கமருதீன் கடை. மனதில் இருப்பதை யாரிடமாவது கொட்ட வேண்டும். கடை அன்றுதான் திறந்திருந்தது. கமருதீன் பாதி உடம்பாகிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஊட்டுலயும் எல்லாருக்கும் வந்துருச்சு. கடைய மூடிட்டு உள்ளயே கெடந்தோம். ஒங்க நம்பரு கடைப் போன்லதான் இருந்துச்சு, அதுவும் இங்கயே பூட்டிக் கெடந்துச்சு. மன்னிச்சுக்கிடுங்க." கல்லாவை இழுத்து ஒரு சாவியை எடுத்தார். டிஷ்யூவால் துடைத்து, கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். "ஒங்க சாவி."

"என்ன சாவி?"

"ஒங்க வீட்டுச் சாவிதான். கலாதேவி குடுத்துட்டுப் போச்சு. காலி பண்ணிட்டோம், அக்காகிட்ட குடுத்துருங்கன்னு. ஐயாவு மவுத்தாகி பதினாலாவது நாளு."

புஷ்பலதா கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?"

"நீங்க தண்ணிய மூடினீங்கல்ல. அன்னிக்கு ராத்திரியே ஆம்புலன்ஸ் வந்துச்சு. மறுநாளே முடிஞ்சுபோச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"இப்ப... போன வெள்ளிக்கெழம பேசினேன்."

"யார்கிட்ட?"

அவள் சாவியையே பார்த்தாள். கமருதீன் திரும்பக் கேட்கவில்லை. சாவியைத் தன் விரலால் தள்ளி, அவள் பக்கம் நகர்த்தினார்.

அவரும் வீடு வரை கூட வந்து கேட்டுக்கு வெளியே நிற்க, அவள் பூட்டைத் திறந்தாள். வெளிப்பக்கப் பூட்டு. சீனக்கிழவி ஜன்னல் வழியே, தனக்குத் தெரிந்த மலாயில் கமருதீனிடம் ஏதோ சொன்னாள். அவர் அதை அப்படியே சொன்னார். "ஆளில்லாத வீட்டப் பாத்து அந்தம்மா சண்ட போடுது, பாவம், கடன் தொல்ல தலைக்கு ஏறிருச்சுன்னு நெனச்சாளாம்."

வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. சாமான் ஒன்றும் இல்லை. தரையில் தூசி, ஒரு காலடியும் படாத தூசி. குளியலறையில் சிவப்பு வாளி. அடியில் ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது.

மாதக்கணக்கில் கோர்ட்டையும் சட்டத்தையும் வைதாளே. இந்த வீடு, அவள் வாசலில் நின்று கேட்ட அன்றைக்கெல்லாம் காலியாகத்தான் இருந்தது. சாவி நாலு தெரு தள்ளி, கமருதீன் கல்லாவில் கிடந்தது.

கலாதேவிக்குப் போன் போட்டாள். பழைய தோட்டத்தில் லைன் கிடைப்பது கஷ்டம். கிடைத்தது.

"கலா, பதினாறு நாள் காரியம் செஞ்சியாம்மா?"



"எங்க செய்யறது? ஒடம்பயும் தரல, எட்ட நின்னு பாக்கச் சொன்னாங்க. அவரு இருந்த வீட்டுலதானே வெளக்கு வெச்சு, சொம்புல தண்ணி வெச்சு நாள எண்ணணும். நோயின்னு எங்கள அடச்சு வெச்சிருந்த எடத்துலேர்ந்து விட்டதும் நேரா அங்கதான் வந்தேன். கொழாயத் தெறந்தேன். ஒரு சொட்டு வரல. தண்ணி வெக்காம என்னத்த எண்ண?"

"எனக்குத் தெரியாதும்மா..."

"ஒங்கள ஒண்ணும் சொல்லலக்கா. ஒங்க வீடு, ஒங்க தண்ணி."

"இப்ப வாம்மா. நான் தெறந்து விட்டுட்டேன். எல்லாச் செலவும் என்னோடது. வந்து அந்த வெளக்க ஏத்தி வெய்யி. அவரு... போகலம்மா."

கலாதேவி அழவில்லை.

"எனக்குத்தான் இப்ப வீடில்ல. அவருக்காவது இருக்கட்டும்கா."

லைன் அறுந்தது. பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

புந்தோங்கில் இந்த மாதிரிச் செய்திக்குக் காலும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். வாடகைக்கு வர ஒருவரும் இல்லை. விற்கவும் முடியவில்லை. சாவி வந்துவிட்டது என்று தெரிந்ததும் அப்பாவு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதான் வீடு கெடச்சிருச்சுல்லக்கா" என்றான். ஷர்மினி பாயைச் சுருட்டிக் கட்டியே வைத்திருந்தாள்.

கோர்ட்டும் திறந்துவிட்டது. யார் பேருக்கு நோட்டீஸ் அனுப்புவது?

புஷ்பலதா பின்னறையில் படுக்கிறாள். ஹாலுக்கு ராத்திரியில் வருவதில்லை. பூட்டை உள்பக்கமாகப் போடுகிறாள். மஃக்ரிப் நேரத்தில் விளக்கேற்றி, சொம்பில் தண்ணீர் வைக்கிறாள். செத்தவனின் உறவுக்காரர் வைக்காத விளக்கு கணக்கில் சேராது என்று அவளுக்குத் தெரியும். வைக்கிறாள்.

பாங்கு முடியும்.

குளியலறையில் குழாய் மூடியிருக்கும். வாளி நிறைய ஆரம்பிக்கும்.

முதலில் படபடவென்று...

பிறகு தணிந்து...

வாசல் திரை அசையும். காற்று இருக்காது.

"அக்கா. இன்னிக்கு எத்தனாவது நாளு?"