மூன்றாவது சப்பாத்தி

கட்டுக்கதை என்பவர்கள் மெர்வினின் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளலாம். தழும்பு இன்னும் இருக்கிறது.

அவன் மனைவி ஐரின், பள்ளிக்கூட டீச்சர். அவன் கைநீட்டிய மறுநாளே பரவையில் ஒரு மாடி வீடு பிடித்துத் தனியாக வந்துவிட்டாள். "ஒரு வாரம் தாங்க மாட்ட. பயந்து நீயே ஓடி வருவ," என்று போனில் சிரித்தான். எது வந்தாலும் இங்கிருந்து ஓடுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தாள்.

முன்பு குடியிருந்தவள் ஓர் இரும்புச் சப்பாத்திக் கல்லை விட்டுப் போயிருந்தாள். எண்ணெய் ஏறிக் கருகருவென்று பழகிய கல். இப்படிப்பட்ட கல்லை எந்தப் பெண்ணாவது விட்டுப் போவாளா... யோசித்தபடியே பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தாள்.

திங்கள், மாலை 5.40. இரண்டு உருண்டை பிடித்தாள். திரும்பிப் பார்த்தால் தட்டில் மூன்று.

செவ்வாயும் மூன்று.

புதன், அதே 5.40. பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள். சிலிண்டர் மூடியிருந்தது. கல் சுட்டது...

ஜெபம் வாய்வரை வந்தது. விழுங்கினாள். ஒருவனுக்குப் பயந்து கழித்த வருடங்கள் போதாதா?

"யாரா இருந்தாலும் சாப்பிட்டுப் பேசாம இரு," என்றாள். மூன்றாவதையும் சுட்டு வைத்தாள்.

காலையில் தட்டு காலி.

சனிக்கிழமை, 5.40. மெர்வின் வந்து நின்றான்.

"மூஞ்சி வெளுத்துருச்சே. கெளம்பு."

"வரல."

"சாமானத் தூக்குனா தன்னால வருவ."

அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. அவன் கல்லைத் தூக்கினான்.

ஸ்ஸ்ஸ்...

தோல் கருகும் வாடை.

ணங்...

கல்லைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

ஐரின் குனிந்து தொட்டாள்.

ஜில்லென்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கீழ்வீட்டு ருமானாவிடம் கேட்டாள்.

"அது தமிழ்வாணி கல்லு, டீச்சர். அவ கையப் புருஷன்காரன் இதுல வச்சுத்தான் அழுத்துனானாம். கல்லையும் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டா."

"இப்ப எங்க?"

"அவன் வந்து சமாதானம் பேசிக் கூட்டிட்டுப் போனான். நாலாம் நாள் அவ செத்துப்போயிட்டதா சேதி வந்துச்சு." குரல் தணிந்தது. "போறப்ப, 'கல்லு இங்கயே கெடக்கட்டும்க்கா, திரும்பி வாரேன்'னு சொன்னா."

ஐரின் மாடியேறினாள். மணி 5.40.

மூன்று உருண்டை பிடித்தாள்.