வாசலில் வைத்த தடயம்

சில மாதங்களுக்கு முன், கோப்பெங்கிலிருந்து ஈப்போவுக்குப் போகும் எங்கள் தொழிற்சாலை வேனில் தொடங்கியது இது. நடந்தது இதுதான்:

1. நான் ஒரு துப்பறியும் கதை எழுதினேன். பழைய ரப்பர் தோட்டத்தில் தனியாக வசிக்கும், தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணியை யாரோ கோப்பியில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். அன்று பகலில் அவரைப் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர்.
2. வேனில் வாசித்துக் காட்டினேன்.
3. பாதி வழியிலேயே எல்லாரும் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ரெண்டாவதா வந்த மச்சினன்தான் லா. கை நடுங்குச்சு, நடுங்குச்சுன்னு மூணு தடவ சொல்லிட்டியே!" என்றார் பேக்கிங் பிரிவு அக்கா.

"நான் ரோட்டப் பாத்துக்கிட்டே கண்டுபுடிச்சிட்டேன் தங்கச்சி," என்று வேன் ஓட்டும் அண்ணன் சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் ஏற்கெனவே இரண்டு கதைகள் போட்டிகளிலிருந்து திரும்பியிருந்தன. இதுவும் தேறாவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவதாக இருந்தேன்.

இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. அதே பழக்கத்தில் தடயங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கைநடுக்கம், காலி பொட்டலம், சேற்றுக் கால்தடம். எதை வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றது.

அந்த வாரம் எங்களோடு வேலை செய்பவரின் மாமனார் இறந்துவிட்டார். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில், மிச்சமிருந்த லயத்து வீடு. அக்காவும் நானும் போயிருந்தோம். எங்கே போனாலும் வாசலில் பத்து முறை விடைபெறும் அக்கா, அன்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். துக்க வீட்டில் 'வாரேன்' என்று சொல்வதில்லை. எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: அது துக்க வீடு என்று யாருக்குமே தெரியாத நேரத்தில் ஒருவர் அப்படிச் சொல்லாமல் கிளம்பினால்?

பழைய தடயங்களை எல்லாம் அடித்து நீக்கினேன். முதலில் வந்த பக்கத்து வீட்டுக்காரி 'வாரேன்' என்று சொல்லிப் போகிறாள். கடைசியில் வந்தவர், கிராணி நாற்காலியில் தூங்குகிறார் என்று எண்ணி, மெதுவாக 'வாரேன்' சொல்கிறார். நடுவில் வந்த மச்சினன் மட்டும் வாசலில் படுத்திருந்த நாயிடம், "நீயெல்லாம் காவல் காக்குற ஜாகாவா? பட்டப்பகல்ல தூங்குற!" என்று கேலி செய்துவிட்டு நடக்கிறான்.

மறுபடியும் வேனில் வாசித்தேன். நாய்க்கு எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் கடைசியில் வந்தவரைச் சொன்னார். அக்கா பக்கத்து வீட்டுக்காரியைச் சொன்னார். பிறகு முடிவை வாசித்தேன்.

"அடிப்பாவி! நாயப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்துட்டேனே லா," என்றார் அக்கா. "அவன் சொல்லாமத்தானே போனான்!"

இப்போதெல்லாம் வேனை விட்டு இறங்கும்போது, "வாரேன், வாரேன். எல்லாரும் சாட்சி," என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்.

கதையை அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. தினமும் பார்க்கிற ஒன்றுக்குள்தான் எதையும் நன்றாக மறைக்க முடியும் என்ற எண்ணத்தோடு, அடுத்த கதையின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறேன்.