எர்மினியாவின் கடைவாயில் கரண்டு

லா பாஸ் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பெண்களில் எர்மினியாவுக்குத்தான் வாயில் தங்கம் அதிகம். முன்பல்லில் நட்சத்திரம் வெட்டிய தங்கம், மேல் கடைவாய்ப் பல்லுக்கு முழுத் தங்கக் கேப். என் வெங்காயக் கடை அவளுக்குப் பக்கத்தில்.

போன மழைக்காலத்தில் அந்தக் கேப்புக்கு நேர்கீழே ஒரு பல் சொத்தையானது. பல் டாக்டர் நோயெலியா அதில் வெள்ளி அடைத்து அனுப்பினாள். மறுநாள் காலை, கறி வைத்துச் சுட்ட சூடான சல்டேன்யாவைக் கடித்த எர்மினியா அலறினாள்.

"பசில்யா, யாரோ என் வாயில கரண்டு வெச்சுட்டாங்கடி!"

"சூடாத் தின்னா அப்படித்தான்" என்றேன்.

தின்பதைக் கீழே வைத்துவிட்டு வெறும் பல்லைக் கடித்துப் பார்த்தாள். மறுபடியும் அலறல்.

வாய் திறந்திருந்தால் பல்லோடு பல் படாது, கரண்டும் அடிக்காது என்று சீக்கிரமே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வாயை மூடவே இல்லை. முன்பே பேச்சுக்காரி. இப்போது ஆள் இல்லாவிட்டால் மூட்டைகளோடு பேசினாள். தப்பித்துப் போவதற்காகவே சிலர் கிழங்கு வாங்கினார்கள்.

அவள் புருஷன் கசியானோ மினிபஸ் ஓட்டுகிறவன், பேசாத மனுஷன். ஒருநாள் கண்ணெல்லாம் வீங்கி என் கடை முன்னால் வந்து நின்றான்.

"தூக்கத்துல பல்லு பட்டா முழிச்சுக்கிறா பசில்யா. முழிச்சா பேசறா."

அவளை டாக்டரிடம் இழுத்துப்போனான். துணைக்கு நானும் போனேன்.

"தங்கம் ஒரு உலோகம், வெள்ளிக் கலவை வேற உலோகம்மா. நடுவுல எச்சில். பேட்டரி மாதிரி ஆயிடுது" என்றாள் நோயெலியா. "அடைப்பு மேல்பக்கம் மங்கினா தானா அடங்கிடும்."

"எப்ப மங்கும்?" என்றான் கசியானோ.

"சிலருக்குச் சீக்கிரம். சிலருக்கு மாசக்கணக்காகும்."

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இல்லன்னா தங்கத்தை எடுத்துடலாம்" என்றாள் நோயெலியா.

"அதுக்கு முன்னாடி என் தலையை எடு!" என்றாள் எர்மினியா.

"அப்ப வெள்ளியை எடுத்துட்டு வெள்ளைப் பிசின் வெக்கலாம், ஒருவகை பிளாஸ்டிக். அதுல கரண்டு பாயாது. ஆனா வெள்ளி அளவுக்கு உழைக்காது."

"பிளாஸ்டிக்கா? பொம்மை செய்யறதையா என் வாயில வெக்கப்போற?"

"வெய்யுங்க டாக்டர். களிமண்ணுன்னாலும் வெய்யுங்க" என்றான் கசியானோ.

வாயில் பஞ்சு வைத்தும் அவள் பேச்சு நிற்கவில்லை. நீல வெளிச்சம் காட்டிப் பிசினை இறுக வைத்த பிறகு, "கடிச்சுப் பாருங்க" என்றாள் நோயெலியா. எர்மினியா கண்ணை இறுக்கிக்கொண்டு மெல்லக் கடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் வீடுகள் இருக்கும் எல் ஆல்டோ மேட்டுக்கு ஏறும் ரோப் காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கசியானோ முதலில் சிரித்தான். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தான். கடைசியில் அவள் நெற்றியைத் தொட்டான்.

"என்ன புள்ள, வலிக்குதா?"

"தாடைக்கு ஓய்வு குடுக்கறேன். நீ ஏதாவது பேசேன்."

அவன் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்தான். "மழை வரும் போல."

"அதை இப்பவா சொல்லுவ? சந்தையில மூட்டையெல்லாம் வெளியில கெடக்கு!" என்று ஆரம்பித்தவள் கடைசி ஸ்டேஷன்வரை நிறுத்தவில்லை.