அரசமரத்தடியில் ஜெர்மன் சாமி

போன கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மாடி ரூமை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம்.

அப்போது மாடியில் தங்கியிருந்தது ஒரு ஜெர்மன்காரம்மா. எழுபது வயசு இருக்கும். வருஷா வருஷம் வருகிறவர். அவருக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறை இங்கிலீஷ். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பேச்சு வந்துவிடும். அந்த முறை அவர் பெட்டியில் ஒரு மரச்சிலை வந்தது. முழங்கை நீளம்தான். முக்காடு போட்ட ஒரு பெண். ஒரு கையில் ஜாடி, இன்னொரு கை மணிக்கட்டோடு காணோம். சேலை மடிப்பு மாதிரி இருக்கும் துணி மடிப்புக்குள் கொஞ்சம் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. முதுகை மட்டும் குடைந்து வைத்திருந்தார்கள். மரம் வெடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்களாம்.

"நல்ல வசதிங்க. சில்லறை போட்டு வெச்சுக்கலாம்" என்றேன்.

"ஐந்நூறு வருஷம், தம்பி!" என்று முறைத்தார்.

"எங்க ஊர்ல ஐந்நூறு வருஷம்னா நேத்து கட்டின காம்பவுண்டு சுவருங்க."

சிரித்துவிட்டார். அப்புறம்தான் அந்தக் கை போன கதையைச் சொன்னார். யுத்தத்தில் அவருடைய அம்மா, சின்னப் பெண்ணாக, வீட்டை விட்டு ஓடும்போது எடுத்துக்கொண்டது இந்தச் சிலை ஒன்றைத்தானாம். வழியில் விழுந்து கை உடைந்ததாம். அவருடைய அம்மாவும் அதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். ஆளில்லாத வீட்டில் சிலையைத் தனியாக விட மனசு வராமல் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

இந்தக் கதையை நான் எங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

ஜெர்மன்காரம்மா இரண்டு நாள் பாண்டிச்சேரி போனார். தீபத்துக்காக வீடு கழுவிக்கொண்டிருந்த அம்மா மாடி ரூமையும் பெருக்கப் போனார். கை உடைந்த சிலை கண்ணில் பட்டிருக்கிறது. கீழே என் அக்கா எட்டு மாசம், பிரசவத்துக்கு வந்திருந்தாள். பின்னமான சாமி வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குப்பையிலும் போட மாட்டார்கள். அம்மா சிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கிரிவலப் பாதையில் இருக்கிற ஒரு அரசமரத்தடியில் உட்கார வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். தனக்காக மட்டும் இல்லை, ஜெர்மன்காரம்மாவுக்கும் நல்லது செய்ததாகத்தான் நினைப்பு.

அவர் திரும்பி வந்ததும் அம்மாவே சந்தோஷமாகப் போய்ச் சொன்னார். ஜெர்மன்காரம்மா கோபப்படவில்லை. மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்து, "அம்மா... அம்மா கை பிடிச்சது" என்று மட்டும் சொன்னார். நான் கதையைச் சொன்னதும் எங்கள் அம்மா முகம் செத்துவிட்டது.

மூன்று பேரும் ஆட்டோவில் கிளம்பினோம். மரத்தடியில் கண்ணாடி உடைந்த சாமி படங்கள், தும்பிக்கை இல்லாத பிள்ளையார், பழைய காலண்டர் எல்லாம் இருந்தன. சிலை இல்லை. சூடம் எரிந்த கரி மட்டும் இருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த சாமியார் ஒருவரை எழுப்பிக் கேட்டேன்.

"முக்காடு போட்ட அம்மனா? இட்லிக்காரம்மா தூக்கினு போச்சுப்பா. தோ, அந்த வண்டி."

அங்கே, சாம்பார் குண்டானுக்கு மேலே இருந்த பலகையில் உட்கார்ந்திருந்தது சிலை. சிவப்பு ஜாக்கெட் துணி சுற்றி, கனகாம்பரம் வைத்திருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். இட்லிக்காரம்மா எங்கள் அம்மாவைத்தான் முதலில் பிடித்தார்.

"நீதான் கொண்டாந்து வெச்சியா? எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"பின்னமான சாமியை வெச்சுக்கக் கூடாதும்மா" என்றார் அம்மா, சத்தமே வராமல்.

"எங்க ஊட்டுக்காரருக்குக்கூடத்தான் ஒரு கை விழுந்துடுச்சு. அவரைக் கொண்டாந்து மரத்தடியில வெச்சுட்டனா?"

வண்டிக்குப் பின்னால் ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "வெச்சிருந்தா நிம்மதியா படுத்துனு இருப்பேன். இங்க வெங்காயம்ல உரிக்க விடறா."

நான் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னேன். ஜெர்மன்காரம்மாவும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது.

இட்லிக்காரம்மா சிலையை எடுத்தார். எடுத்தவர் உடனே கொடுக்கவில்லை. முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தார். ஈட்டிலிருந்து ஒரு இட்லியை இலையில் வைத்து, சிலைக்கு முன்னால் காட்டினார். "பட்டினியா அனுப்பக் கூடாதுல்ல" என்றார்.

அதைப் பார்த்துத்தான் ஜெர்மன்காரம்மா அந்தச் சிலை யாரென்று சொன்னார். அந்த நாட்டில் ஒரு அரண்மனைக்காரி, பசித்தவர்களுக்கு ரொட்டி கொடுத்தே வாழ்ந்தவளாம். உடைந்துபோன கையில் இருந்ததும் ரொட்டிதானாம்.

நான் தமிழில் சொன்னேன். இட்லிக்காரம்மா பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கை இல்லாத பொம்பளை, தனியா உக்காந்துனு இருந்தா. வாம்மான்னு கூப்ட்டுனு வந்தேன்."

ஜெர்மன்காரம்மா குங்குமத்தைத் துடைக்கவில்லை, ஜாக்கெட் துணியையும் அவிழ்க்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் சிலையை எங்கள் அம்மா மடியில் வைத்து, "ரோடு மோசம், நீங்க பிடிங்க" என்றார். அம்மா அந்த உடைந்த மணிக்கட்டின் மேல் தன் உள்ளங்கையைப் பொத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் எத்தனையோ சாமி கதை அடித்துவிட்டிருக்கிறேன். ஆனால் அந்த இட்லி வண்டியைத் தாண்டும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவை மெதுவாக ஓட்டுகிறேன், ஏனென்றால் நான் நிஜமாகப் பார்த்த சாமி ஒன்று அங்கேதான் இருக்கிறது.