இறங்கிய வண்டி ஏறவில்லை

அவள் கால் போனதற்கு நீதான் காரணம். சென்னையில் கண்ணாடி போட்ட கடை வைத்துக் காருக்குச் சஸ்பென்ஷன் மாற்றித் தருகிறாயே, உன்னைத்தான் சொல்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும்.

மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவ ஊர்க்காரி. நண்டும் இறாலும் வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புவது என் தொழில். கார் ஓட்டுவது என் தம்பி. பின்சீட்டை மடக்கிவிட்டுப் பெட்டிகளை ஏற்றுவோம். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே போகும். அந்த வண்டியின் உயரத்தைத்தான் தாழ்த்த வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான்.

காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுக வேலைக்குப் போகிறவர்களில் சிலர் அப்படிச் செய்திருந்தார்கள். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே விரல் நுழையாது. அந்த ரோடு வழவழப்பானது, அங்கே ஓடும். எங்கள் ரோட்டில் மழைக்காலத்தில் ஏரி வந்து ஏறி நிற்கும். ஊருக்கு வெளியே பள்ளத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. தண்ணீர் நின்றால் அதன் விளிம்பு எங்கே என்றே தெரியாது.

"நண்டு ஏத்தற வண்டிக்கு இன்னாத்துக்குடா மேக்கப்பு?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு வாடகைக்குக் கேக்கறாங்கக்கா. பாக்க ஷோக்கா இருந்தாத்தான் கூப்புடுவான்."

"தரைய நக்கினு போற வண்டில எந்தப் பொண்ணுடா ஏறுவா?"

"உன்ன யாரு ஏறச் சொன்னா? நீ பொட்டியோட பின்னால குந்து."

அது அவன் வண்டி, அவன் இஷ்டம் என்று விட முடியாது. காரணம் இருக்கிறது. எங்கள் ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. பாடு என்போம். அதேபோல் கார்களுக்கும் ஊரில் பாடு வைத்திருந்தோம். கார் உள்ள வீடுகள் நான்கு. ஒரு நாளைக்கு ஒரு காருக்குப் பாடு. மற்றவை மார்க்கெட்டுக்குப் போகலாம். அன்றைக்குப் பாடு உள்ள கார் மட்டும் ஊரைவிட்டு அசையக் கூடாது. யாருக்காவது ஏதாவது ஆனால் அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரோட்டில் தண்ணீர் நின்றால் ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அதுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பாடு வண்டி. அதனால்தான் தம்பியோடு நானும் சென்னையில் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரன் எங்களை நன்றாகத்தான் உட்கார வைத்தான். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான்.

"ரெண்டு வழி இருக்குக்கா" என்றான். "லோயரிங் ஸ்பிரிங் போட்டா எறக்கினது எறக்கினதுதான். மறுபடி ஏத்தணும்னா எல்லாத்தையும் கழட்டிப் பழசை மாட்டணும். காயிலோவர்னா அப்படி இல்ல. இத பாருங்க."

ஷாக் அப்சார்பரின் உடம்பு முழுக்க மரை வெட்டியிருந்தது. அந்த மரையில் ஒரு வளையம். வளையத்தின் மேல் ஸ்பிரிங். வளையத்தை மேலே திருகினால் வண்டி ஏறும், கீழே திருகினால் இறங்கும். அதற்கென்று ஒரு கொக்கி ஸ்பேனர் வைத்திருந்தான். வெண்ணெயில் கத்தி ஓடுகிற மாதிரி அது சுற்றியது.

"கல்யாணத்துக்கு எறக்கிக்குங்க, தண்ணி வந்தா ஏத்திக்குங்க. ஜாக்கி போட்டு வீட்லயே பண்ணலாம்."

தம்பி ஸ்பிரிங்கே போதும் என்றான். நான்தான் காயிலோவர் என்றேன். அந்த முடிவு தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பாடு வண்டி ஏற வேண்டிய நாளில் ஏற வேண்டும். ஏறும் என்று ஒருவன் கையில் சுற்றிக் காட்டினால், யாராக இருந்தாலும் அதைத்தான் வாங்குவார்கள்.

வாங்கும் முன் கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன்.

"இத பாரு நைனா, எங்க வண்டி மேலயும் உப்புத் தண்ணி, கீழயும் உப்புத் தண்ணி. இந்த மரை இறுகிப் பூடாதா?"

"இறுகாதுக்கா. கோட்டிங் இருக்கு."

"போட் இன்ஜின் போல்ட்டுக்குப் போடுவோமே, அந்த கிரீஸ நல்லா அப்பி வுட்டுடறேன்ணா" என்றான் தம்பி.

"சூப்பர். அது போதும்" என்றான் கடைக்காரன்.

படகில் அது போதும்தான். கடலுக்குப் போய் வந்ததும் இன்ஜினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவோம். அங்கே மண் படாது. காரில் அந்த வளையம் டயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ரோட்டில் பாதி மணல், பாதி கிளிஞ்சல் தூள். டயர் வாரி அடித்ததையெல்லாம் கிரீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. காய்ந்துவிட்டதோ என்று தம்பி அதன் மேலேயே இன்னும் அப்பினான். வெயில் காலம் முழுக்கக் கல்யாண வாடகை. வண்டி தாழ்ந்தே ஓடியது. ஏற்ற வேண்டிய வேலை வரவில்லை. ஊரில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். "இன்னாடா, உன் காரு நண்டாட்டம் பதுங்கினு கீது?" என்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான்.

மழை பிடித்தது. ஏரி ஏறியது. அன்றைக்கு எங்கள் வண்டிக்குப் பாடு. வேண்டும்போது ஜாக்கி போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று தம்பி அதுவரை வளையத்தைத் தொடவே இல்லை. மற்ற மூன்று வண்டிகளும் விடிந்ததும் சென்னைக்குப் போய்விட்டன. வாடைக்காற்று அடித்ததால் யாரும் படகு எடுக்கவில்லை. ஆனால் கையால் நண்டு பிடிக்கிறவர்கள் கரை ஓரமாக இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாள் விட்டால் அன்றைக்கு அடுப்பு இல்லை. அவர்களில் ஒருத்தி தினமும் எனக்கு நண்டு கொடுப்பவள். காலால் சேற்றைத் தடவித் தேடுவார்கள். பாதத்துக்குத் தெரியும், கை போய் எடுக்கும். அன்று அவள் பாதம் தொட்டது திருக்கை மீனை. அதன் வால் முள் கணுக்காலுக்கு மேலே ஏறிக் கிழித்துவிட்டது.

தூக்கி வரும்போதே ரத்தம் நிற்காமல் போனது. கூட இருந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பதாகச் சொன்னார்கள்.

தம்பி ஜாக்கி போட்டான். ஸ்பேனரை மாட்டி இழுத்தான். வளையம் அசையவில்லை. டீசல் ஊற்றினான். சுத்தியால் அடித்தான். கொக்கி மாட்டுகிற பல் உடைந்து விழுந்தது. உள்ளே கிரீஸும் மணலும் உப்பும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தன. நல்ல மழையில் அவனுக்கு வியர்த்தது.

"அத வுட்டுட்டு வண்டிய எட்றா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"எடுத்தா தட்டும் மாமா."

"தட்டட்டும், பாடு உன்னுதுதானடா!"

பின்னால் பெட்டி இருந்த இடத்தில் அவளைப் படுக்க வைத்தோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். உதடு வெளுத்திருந்தது. அப்போதும் அவள், "யக்கா, என்னையும் ஐஸ் போட்டு மெட்ராஸுக்கு அனுப்பிடாத" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பாலத்தின் விளிம்பில் வண்டியின் அடி இடித்தது. அந்தச் சத்தம் என் முதுகெலும்பில் கேட்டது. ஆயில் சேம்பர் உடைந்து தண்ணீரில் கறுப்பாகப் பரவியது. இன்ஜின் நின்றது. பழைய உயரம் இருந்திருந்தால் தாண்டியிருக்கும். போன மழையில் அதே தண்ணீரில் அதே வண்டி தாண்டியது.

ஊருக்கு ஒருவன் ஓடிப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தான். அவளை அதில் உட்கார வைத்து, தொடையளவு தண்ணீரில் காற்றை எதிர்த்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். இரண்டு முறை சறுக்கினார்கள். காலில் கட்டிய கயிற்றை அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கயிற்றைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் இறுக்கிக் கட்டியிருந்தால் கீழே ரத்தம் எப்படிப் போகும்?" என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவள் ஏரியில் இறங்குவதில்லை. மற்றவர்கள் பிடித்துப் போடும் நண்டுக்குக் கால் கட்டுகிறாள். தம்பி அவள் வீட்டுப் பக்கம் போக முடியாமல் சுற்றிப் போகிறான்.

அந்த வளையத்தைக் கழற்றவே முடியவில்லை. ஷாக்கோடு அறுத்தெடுத்துச் சாக்கில் போட்டு அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன். வெளியே வரிசையாகக் கார்கள், வாங்க வந்தவர்கள். சாக்கைப் பார்த்ததும் கடைக்காரன் எழுந்து வந்தான்.

"உள்ள வாங்கக்கா, ஏசில உக்காந்து பேசிக்கலாம்."

"இங்கயே பேசு."

"புது செட் தரேன்கா. ஃப்ரீயா மாட்டித் தரேன்."

"கால மாட்டித் தருவியா?"

"கால் போனதுக்கும் கடைக்கும் இன்னாக்கா சம்மந்தம்?" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். பிறகு ஆள் விட்டு என்னை ரோட்டுக்கு அனுப்பினான்.

இனி உன்னிடமே சொல்கிறேன். வாரா வாரம் வீடியோ போடுகிறாய். தண்ணீர் நிற்கும் ரோட்டுக்குக் காயிலோவர்தான் நல்லது என்று அதில் நீ சொல்வதை நானே பார்த்தேன். கீழே நான் கேட்ட கேள்வியை அழித்துவிட்டாய். அதனால் இங்கே எழுதுகிறேன். உப்புத் தண்ணீரில் அந்த மரை இறுகும் என்று அன்றைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் ஏன் போதும் என்றாய்? தெரியாது என்றால் எதை வைத்து விற்கிறாய்? உன் வீடியோவில், உன் முகத்தைக் காட்டி, உன்னிடம் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கும்படி பதில் சொல்.