மேகமூட்டமான திரவம்

கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒஃபீஸ். மருத்துவக் கருவிகளுக்குக் கைநூல் செய்து கொடுப்பது தொழில். ஆங்கிலத்தில் வருவதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கி அச்சுக்கு அனுப்புவோம். தமிழ்ப் பக்கம் என்னுடையது.

அந்த முறை வந்தது சிறுநீரக நோயாளிகளுக்கான புத்தகம். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, பிறகு பையில் வடிக்க வேண்டும். வீட்டிலேயே செய்கிற சிகிச்சை. வடிகிற திரவம் கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

திரையில் வாசிப்பவருக்குச் சொல்லைத் தொட்டால் விளக்கம் விரியும். அச்சில் தொட ஒன்றுமில்லை. ஆகவே கடைசியில் ஓர் அருஞ்சொல் விளக்கம் சேர்த்தேன். மென்பொருளில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு சொல்லை மாற்றினால் புத்தகம் முழுக்க மாறிவிடும். ஆனால் மென்பொருள் என் சொற்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியது. 'வடித்தல்' முன்னுக்கும் 'கிருமித்தொற்று' பின்னுக்கும் நின்றன. அதைத் திருத்தி, 'கலங்கல்' என்பதற்கு நேரே, 'பைக்குப் பின்னால் பிடித்த எழுத்து தெரியாவிட்டால் அது கலங்கல்' என்று எழுதினேன். எழுதி முடித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

எங்கள் மனேஜரும் தமிழர்தான். தனக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதை ஒரு பட்டம்போலச் சொல்லித் திரிபவர். தமிழ் விளக்கம் மட்டும் நீண்டுவிட்டது, மூன்று மொழியும் ஒரே பக்க அளவில் இருந்தால்தான் வடிவு என்றார். குறைக்க மாட்டேன் என்றேன். நான் காய்ச்சலில் லீவு எடுத்த சமயம் பார்த்து, அந்தப் பகுதியில் என் சொற்களையும் விளக்கங்களையும் அழித்து, மொழிபெயர்ப்பு பட்டனை அழுத்தி, வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு அது தெரிய வந்தது கொட்டாஞ்சேனையில், என் பிளாட்டின் வாசலில். கீழ்வீட்டு அக்காவின் கணவருக்கு அந்தச் சிகிச்சைதான் நடந்துகொண்டிருந்தது. அக்கா கையில் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, மேகமூட்டமா இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிப் போட்டிருக்கு. நேற்று முழுக்க மழை இருட்டு. இண்டைக்கு வெயில் தானே, இனிப் போகத் தேவையில்லையோ?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 'மேகமூட்டம்: தெளிவற்ற வானிலை.' கலங்கலைக் குறிக்கும் ஆங்கில 'கிளவுடி'யை மென்பொருள் வானத்துக்கு ஏற்றியிருந்தது. பையில் வடிந்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நேற்றிலிருந்து கஞ்சித் தண்ணி மாதிரி," என்றார்.

கீழே ஓடினேன். மனிதர் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். ஒரு த்ரீவீலை மறித்து, நாங்கள் இருவருமாக அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனோம். வார்ட்டில் பல நாள் கிடந்து உயிர் தப்பினார். ஆனால் அந்தச் சிகிச்சை இனி அவருக்குச் சரிவராது என்று குழாயைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கிழமைக்குக் கிழமை இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"கம்ப்ளெயின் ஏதும் எழுத்தில வந்திருக்கோ?"

இல்லை என்றேன். அப்படியென்றால் அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். அந்த அறையில் நின்று அவர் விடும் மூச்சை நானும் சுவாசிக்கிறேன் என்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவரைக் கேட்காமல், புத்தகம் செய்யச் சொன்ன கம்பெனிக்கு நானே எழுதினேன். அவர்கள் பிரதிகளைத் திருப்பி எடுத்து, என் விளக்கங்களோடு மறுபடி அச்சடிக்கச் சொன்னார்கள். அக்காவிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். அவர் கலங்கல் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "இதை முதலே போட்டிருக்கலாமே," என்று மட்டும் சொன்னார்.

புதிய பிரதிகள் வந்ததைக் கொண்டாட, மனேஜர் எங்களையும் கம்பெனிக்காரரையும் கூப்பிட்டு, எங்கள் தரப் பரிசோதனை எவ்வளவு கவனமானது என்று ஆங்கிலத்தில் பேசினார். கம்பெனிக்காரர் கை தட்டினார்கள். கேக் வெட்டி, முதல் துண்டை மனேஜர் தன் விரலாலேயே எடுத்து என் வாய்க்கருகே நீட்டினார். அவருடைய விரல் நகத்தில் ஐசிங் ஒட்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கைப்பையை எடுத்தேன். அந்தப் படிகளில் நான் இறங்கியது அதுதான் கடைசி.